டோபமின் எப்படி வெளியே வருகிறது என்பதையும் எழுதுங்கள்

பார்க்கின்சன் நோய் பற்றிய உங்கள் கட்டுரை, அது டோபமின் (மூளையின் நரம்பணுக்கள் சேதி கடத்தும் ரசாயனம்) குறைவு என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. மாட்டுங்காவில் எங்களோடு இருக்கும் அப்பாவுக்கு ஆறு வருடமாக இந்த நோய். அதனால் அப்படியே கடந்து போக மனசு வரவில்லை.

டோபமின் நரம்பு முனையில் குட்டிக் குட்டிப் பைகளில் அடைபட்டிருக்கும். கால்சியம் உள்ளே நுழைந்ததும் சினாப்டோடாக்மின் என்ற புரதம் அதை உணரும். உடனே ஸ்நேர் புரதங்கள் முறுக்கிக்கொண்டு பையை முனையின் சவ்வோடு இணைக்கும். அப்புறம்தான் டோபமின் வெளியே வரும். (செல்லுக்குள் இந்தப் பைகளின் போக்குவரத்தைக் கண்டறிந்ததற்காகவே 2013-இல் ராத்மன், ஷெக்மன், சூடாஃப் மூவருக்கும் நோபல் கிடைத்தது.) வெளியே அளவு கூடினால் அதே முனையில் டோபமினை உணரும் டி2 ஏற்பிகள் என்ற புரதங்கள் வரத்தைக் குறைத்துவிடும்.

ஆல்ஃபா-சைனூக்ளின் என்ற புரதம் இருப்பதும் இந்த நரம்பு முனையில்தான். பைகளோடு ஒட்டி வேலை செய்யும் இதுதான் பார்க்கின்சன் மூளையில் திரண்டு கட்டிபோலச் சேர்கிறது. 1997-இல் இதன் மரபணுப் பிழையைச் சில குடும்பங்களில் கண்டுபிடித்தார்கள்.

இந்த நோய்க்குக் கொடுக்கும் லெவோடோபா மாத்திரை டோபமினுக்கான மூலப்பொருளைத்தான் தருகிறது. டோபமினைச் சேமித்து அளந்து விடும் நரம்பு முனைகள் குறையக் குறைய, மருந்து தாங்கும் நேரமும் சுருங்குகிறது. அப்பாவுக்கு இப்போது மூன்று மணி நேரம்கூடத் தாங்குவதில்லை.