மனைவியை இழந்தவர், இரண்டு குழந்தைகள்

வாசகி: மனைவியை இழந்தவர், இரண்டு குழந்தைகள், நல்ல உயரம், பேச்சு கம்மி. இருக்கிறாரா?

நூலகர்: அம்மா, இது நூலகம். இங்கே வரன் பார்த்துக் கொடுப்பதில்லை.

வாசகி: எழுபத்தெட்டு வயதில் எனக்கு எதற்கு வரன்? நாவல் கேட்கிறேன். அட்டையில் ஒரு பெண் நாடா வைத்த தொப்பி போட்டுக்கொண்டு, கோதுமை வயலில் முதுகைக் காட்டி நிற்பாள்.

நூலகர்: அமெரிக்காவின் இந்த நெப்ராஸ்கா மாநிலத்தில் அப்படி நிற்கிறவர்கள் நாலு அலமாரிக்கு இருக்கிறார்கள், ஒருத்தியும் இந்தப் பக்கம் திரும்பியதில்லை. கதையைச் சொல்லுங்கள்.

வாசகி: 1873. மேற்கே குடியேற வந்த இடத்தில் புருஷன் செத்துப்போகிறான். குளிர்காலம் வேறு வரப்போகிறது. அப்போது பாதிரியார் வந்து...

நூலகர்: பக்கத்து நிலத்துக்காரருக்கு மனைவி இல்லை, இரண்டு குழந்தைகள், பேருக்கு ஒரு கல்யாணம் பண்ணிக்கொள் என்கிறார். அவளுக்குக் கடவுள் மேல் கோபம். வைக்கோல் கொட்டகையில் அவர் முழங்காலிட்டு ஜெபிப்பதைப் பார்த்ததும் கோபம் தணிகிறது. கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு முத்தம்.

வாசகி: அதேதான்! படித்திருக்கிறீர்களா?

நூலகர்: இல்லை. 1979-ல் ஜேனெட் ஓக் என்ற நாவலாசிரியை இப்படி ஒன்று எழுதி, அது நன்றாக விற்றது. அவர் ஒரு குழந்தையோடு நிறுத்திக்கொண்டார், பின்னால் வந்தவர்கள் ஒன்று கூட்டிவிட்டார்கள். இந்தாருங்கள், இவரா பாருங்கள்.

வாசகி: (புரட்டுகிறார்) படித்தாயிற்று. 37-ஆம் பக்கத்தில் என் வட்டம் இருக்கிறது.

நூலகர்: அந்தப் பென்சில் வட்டம் நீங்கள்தானா! நான் அழிரப்பரும் கையுமாக உட்கார்ந்து தேய்க்கிறேன். 52-ல் ஒரு பூ வேறு.

வாசகி: பூ நான் இல்லை, சர்ச்சில் என் பக்கத்தில் உட்காருகிறவள். குறி போடாவிட்டால் படித்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்? கடைசிவரை படித்தாலும் தெரியாது.

நூலகர்: இதைவிட நல்ல மதிப்புரை யாரும் எழுத முடியாது. சரி, இவர்?

வாசகி: மனைவியை இழந்தவரா?

நூலகர்: இரண்டு குழந்தைகளும் இருக்கின்றன. அம்மா, எனக்கு ஒரு சந்தேகம். 1862-ல் லிங்கன் கையெழுத்துப் போட்ட நிலச் சட்டப்படி 160 ஏக்கர் எடுத்து, ஐந்து வருடம் குடியிருந்து பயிர் வைத்தால் சொந்தம். புருஷன் செத்தால் விதவை அவன் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கல்யாணம் ஆகாதவளும் விதவையும் தன் பேரிலேயேகூட மனுப் போடலாம், புருஷனோடு இருப்பவளுக்குத்தான் அந்த வழி கிடையாது. பாதிரியார் இதை அவளிடம் சொன்னாரா?

வாசகி: அவர் பாதிரியார், நில அலுவலகக் குமாஸ்தா இல்லை.

நூலகர்: கல்யாணத் தரகு மட்டும் தெரிந்திருக்கிறதே.

வாசகி: பாவம், அந்தக் குளிரில் தனியாக என்ன செய்வாள்?

நூலகர்: தனியாக நிலம் எடுத்து நின்ற பெண்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். மரமே இல்லாத அந்த வெளியில் புல்வேரோடு மண்ணைப் பாளம் பாளமாக வெட்டி அடுக்கியதுதான் வீடு, மழை பெய்தால் கூரையிலிருந்து சேறு சொட்டும். அடுப்பெரிக்கக் காட்டெருமைச் சாணி பொறுக்க வேண்டும். உங்கள் நாயகி ஒரு நாளாவது சாணி பொறுக்கினாளா? ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை தைத்துக்கொண்டிருக்கிறாள். 1874-ல் வெட்டுக்கிளி வந்து வயலையே தின்றுவிட்டுப் போனது, அதாவது வருமா?

வாசகி: வரும், வரும்! வெட்டுக்கிளியை விரட்டும்போதுதான் அவர் முதல் தடவை அவள் கையைப் பிடிப்பார்.

நூலகர்: பானி மக்கள்?

வாசகி: யார்?

நூலகர்: இந்த மண்ணின் பூர்வகுடிகள். 1873-ல் இங்கேதான் இருந்தார்கள். அந்தச் சமயத்தில்தான் அவர்களைத் தெற்கே, இன்றைய ஓக்லஹோமா பக்கம் தள்ளினார்கள்.

வாசகி: 'ஆளில்லாத புல்வெளி' என்றுதானே முதல் வரியே இருக்கும்.

நூலகர்: இருக்கும். ஆளை அனுப்பிவிட்டு எழுதிய வரி அது.

(வாசகி கொஞ்ச நேரம் அட்டைப் பெண்ணின் முதுகையே பார்க்கிறார்.)

வாசகி: அப்போ, யாரையும் கட்டிக்கொள்ளாமல் 160 ஏக்கரையும் தன் பேருக்கே வாங்கின ஒருத்தியின் கதை இருக்கிறதா?

நூலகர்: நிஜமாகவே வாங்கினவர்கள் எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. எடுத்துத் தரட்டுமா?

வாசகி: பெரிய எழுத்தில் இருந்தால் கொடுங்கள். பென்சில் நானே வைத்திருக்கிறேன்.