ஓட்டே இல்லாத ஆட்டத்தில் கூட்டணி எதற்கு?

'தி அமேசிங் ரேஸ்' 32வது சீசனைப் பற்றிப் பேச்சு வந்தாலே எனக்குக் குரல் ஏறிவிடுகிறது. வீட்டிலும் நண்பர்களிடமும் துண்டு துண்டாகச் சொல்லிக்கொண்டிருந்ததை ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். நீளமான பதிவு, நேரம் இருக்கும்போது படியுங்கள்.

பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம். 2001 செப்டம்பரில் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் தொடங்கிய நிகழ்ச்சி இது. அணிக்கு இரண்டு பேர், பெரும்பாலும் 11 அணிகள். கையில் கொஞ்சம் பணம், ஒரு குறிப்புச் சீட்டு. நாடு நாடாகப் போய், அங்கங்கே கொடுக்கிற வேலையை முடித்து, அன்றைய முடிவிடத்தில் போட்டிருக்கும் விரிப்பில் வந்து ஏற வேண்டும். தொகுப்பாளர் ஃபில் கியோகன் அங்கே நிற்பார். கடைசியாக வரும் அணி பெரும்பாலான சுற்றுகளில் வெளியேறிவிடும். ஜெயித்தால் 10 லட்சம் டாலர். சேலத்தில் நாங்கள் இதை ஏஎக்ஸ்என் சேனலில் பார்த்து வளர்ந்தோம். அந்தச் சேனலே 2020இல் இந்தியாவில் நின்றுபோனது.

இந்த ஆட்டத்தில் ஓட்டு கிடையாது. நம்மில் பலர் இதைக் கவனிப்பதில்லை. பிக் பாஸ் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, ஒரு நிகழ்ச்சி என்றால் குரூப் இருக்கும், நாமினேஷன் இருக்கும், யாரையாவது சேர்ந்து ஒதுக்குவார்கள் என்று தோன்றுகிறது. 2021இல் ஜீ தமிழில் அர்ஜுன் தொகுத்து வழங்கிய சர்வைவரை எடுத்துக்கொள்ளுங்கள். காடர்கள், வேடர்கள் என்று பிரித்து, போட்டியாளர்களையே போட்டியாளர்களுக்கு எதிராக ஓட்டுப் போட வைத்தார்கள். அங்கே கூட்டணி சேராதவர் பிழைக்க முடியாது. கூட்டணி அந்த ஆட்டத்தின் எலும்பு. அதை வைத்து யாரையும் நான் குறை சொல்ல மாட்டேன். ரேஸில் உங்களை அனுப்புவது இன்னொருவரின் கை அல்ல, உங்கள் கால். கடைசியாக வந்தால் போக வேண்டியதுதான். அப்படியிருக்க இங்கே கூட்டணி என்னத்தைச் சாதிக்கும்?

யோசித்துப் பார்த்தால் மூன்று இடங்களில்தான் அதற்கு வேலை. ஒன்று பயணம்: எந்த விமானம் முதலில் போகிறது, எந்த கவுண்டரில் இடம் கிடைக்கும், டாக்ஸிக்காரருக்கு வழி தெரியுமா. இரண்டாவது, ஆட்டமே கொடுக்கிற ஆயுதங்கள். 5வது சீசனில் 'யீல்ட்' வந்தது, ஒரு அணியை மணல் கடிகாரம் ஓடி முடியும்வரை நிறுத்தி வைக்கலாம். 12வது சீசனில் 'யூ-டர்ன்' வந்தது, இரண்டு வேலைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் ஒரு அணியை இரண்டையும் செய்ய வைக்கலாம். மூன்றாவது, விடையைச் சொல்லிக் கொடுப்பது. முதல் இரண்டும் எனக்குச் சம்மதம். மூன்றாவதுதான் இந்த ஆட்டத்தைக் கெடுத்தது.

முதல் இரண்டும் ஏன் சம்மதம் என்று சொல்லிவிடுகிறேன். 2004இல் வந்த 5வது சீசனில் காலின்–கிறிஸ்டி அணிதான் எல்லோரையும் விட வலுவானது. சிப்–கிம் தம்பதி அவர்களோடு நல்ல சிநேகம். பந்தயம் முடிவை நெருங்கும்போது பிலிப்பைன்ஸில் அதே சிப்–கிம், காலின்–கிறிஸ்டி மேல் யீல்டைப் போட்டார்கள். கடைசியில் ஜெயித்ததும் அவர்கள்தான். துரோகம் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அது மிகத் தெளிவான ஆட்டம். ஆயுதத்தை ஆட்டமே கொடுத்தது, இவர்கள் தங்கள் படத்தை ஒட்டிவிட்டு, இன்னார்தான் செய்தது என்று எல்லோருக்கும் தெரியும்படி செய்தார்கள். மாட்டை வைத்து வயல் உழுவதோ, மற்ற வேலையோ, அதை அவர்களுக்காக வேறு யாரும் செய்து கொடுக்கவில்லை.

2006இல் வந்த 10வது சீசனின் கூட்டணி எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். சென்னைக்கு வந்து, முதலைப் பண்ணையில் முதலையைத் தூக்க வைத்தார்களே, அந்த சீசன்தான். கென்டக்கியின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி டேவிடும் மனைவி மேரியும், அலபாமாவின் லின்–கார்லின் என்ற இரண்டு தாய்மார்கள், அப்புறம் சோ சகோதரர்கள். மூன்று அணி, ஆறு பேர். ஓட்டத்தில் முன்னால் நிற்கக்கூடியவர்கள் என்று யாரும் இவர்களைச் சொல்ல மாட்டார்கள். சோ சகோதரர்கள் தங்கள் வேலையை முடித்துவிட்டு, பின்னால் வருகிறவர்களுக்காகக் காத்து நின்றார்கள். ரேஸில் காத்து நிற்பதா என்று அப்போது வீட்டில் எல்லோரும் திட்டினார்கள். எனக்கு அது திட்ட வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை. தங்கள் நேரத்தைத் தாங்களே செலவழித்தார்கள், அதனால் யாருடைய இடமும் பறிபோகவில்லை. நஷ்டம் வந்தால் அதுவும் அவர்களுக்குத்தான். லின்–கார்லின் கடைசிச் சுற்றுவரை போய் மூன்றாவதாக வந்தார்கள்.

இப்போது 32வது சீசன். 2018 கடைசியில் எடுத்து 2020இல் ஒளிபரப்பானது. ஐந்து அணிகள் சேர்ந்து 'மைன் ஃபைவ்' என்று பெயரே வைத்துக்கொண்டார்கள்: வில்–ஜேம்ஸ், ஹங்–சீ, ரைலி–மேடிசன், டிஆஞ்சலோ–கேரி, அப்புறம் ஈஸ்வர்–அபர்ணா. கடைசி இருவரும் கலிபோர்னியாவைச் சேர்ந்த இந்திய வம்சாவளி உடன்பிறப்புகள். ஹைதராபாத்துக்கும் வந்த சீசன் என்பதால் நம் வீட்டுப் பிள்ளைகள் என்று நினைத்துத்தான் நான் பார்த்தேன். ஐந்து அணியும் வேலை நடக்கும் இடத்திலேயே விடையைப் பரிமாறிக்கொண்டார்கள். ஒரு அணி கண்டுபிடித்தால் ஐந்து அணிக்கும் கிடைக்கும். வெளியே இருந்த அணிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. கடைசி ஐந்து இடத்தில் அந்த ஐந்து அணியே நின்றது.

ஐந்து அணியும் கை கோத்து நின்றதைப் பார்த்துப் பலர் நட்பு என்று உருகினார்கள். நான் அந்த இடத்தில் கணக்குப் போட்டேன். வெளியாள் எல்லோரும் போய்விட்டால் அடுத்து போகப் போவது யார்? கூட்டணிக்குள் யார் பலவீனமோ அவர்தான். ஈஸ்வர்–அபர்ணா ஐந்தாவது இடத்தோடு வெளியேறினார்கள். அடுத்து மணிலாவில் மற்ற மூன்று அணியும் சேர்ந்து இயங்க, டிஆஞ்சலோவும் கேரியும் தனியாக விடப்பட்டார்கள். அமெரிக்கக் கால்பந்து லீகில் ஆடிய இரண்டு பேர். ஓடச் சொன்னால் யாரையும் முந்தக்கூடியவர்கள். அவர்கள் மனமுடைந்து வெளியேறியதைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. ஓட்டம் அவர்களைத் தோற்கடிக்கவில்லை.

வில்–ஜேம்ஸ் ஜெயித்ததில் எனக்குப் பகை இல்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் போன தடவை இதைப் பேசியபோது அவர்களை நான் ஏமாற்றுக்காரர்கள் என்று சொன்னதாக ஒருவர் எடுத்துக்கொண்டார். விதியில் தடை இல்லாததை அவர்கள் மற்றவர்களை விட நன்றாகச் செய்தார்கள். என் கோபம் விதியை எழுதியவர்கள் மேல்.

கூட்டணிக்குள் இருக்கும் பலவீனமான அணிக்கு, அதை உடைத்துத் தப்பிக்க ஒரே ஒரு சமயம்தான் உண்டு. ஐந்து அணிக் கூட்டணி என்றால், ஏழு அணிகள் மீதி இருக்கும்போது. அப்போது கூட்டணியின் கடைசி இரண்டு அணிகளும் வெளியே இருக்கும் இரண்டு அணிகளும் சேர்ந்தால் நான்கு, எதிரே மூன்று. யூ-டர்ன் வந்தால் அதை வலுவான அணி மேல் திருப்பலாம். ஆறு ஆகிவிட்டால் சமயம் பாதி போய்விட்டது. ஐந்து ஆனபின் பேச யாருமே இல்லை. ஆனால் ஏன் யாரும் ஏழில் உடைப்பதில்லை? இன்றைக்குக் கிடைக்கிற விடை கண்ணுக்குத் தெரிகிறது, நாளைக்கு நம்மை விடப்போவது தெரிவதில்லை. அதோடு, அதுவரை பத்துப் பதினைந்து நாள் ஒன்றாகச் சாப்பிட்டு ஒன்றாகத் தூங்கி எழுந்த ஆட்களை விட்டுப் போக மனசு வராது. ஈஸ்வரையும் அபர்ணாவையும் பார்க்கும்போது எனக்கு அதுதான் நடந்திருக்கும் என்று தோன்றியது. பெரிய அணிகள் அந்த மனசைத்தான் பயன்படுத்துகின்றன.

2012இல் வந்த 21வது சீசனை இதோடு வைத்துப் பாருங்கள். இலங்கை வம்சாவளி இரட்டையர் நடாலி–நதியா, டிரே–லெக்ஸியோடு சேர்ந்து ஓடினார்கள். ஜெயித்தால் இரட்டிப்புப் பணம் என்ற வாய்ப்பைக் கையில் வைத்திருந்த அபி–ரையன் நெதர்லாந்தில் யூ-டர்னில் மாட்டி வெளியேறினார்கள். கடைசியில் பணத்தை எடுத்துப்போனது ஜோஷ்–பிரென்ட், பந்தயம் முழுக்க பின்னாலேயே தத்தளித்து வந்த ஆட்டுப் பண்ணைக்காரர்கள். அங்கே ஆயுதம் போட்டுக்கொண்டார்கள், சண்டை போட்டார்கள், ஆனால் விடைப் பங்கீடு ஆட்டத்தை மூடிவிடவில்லை. அதனால்தான் பின்னால் வந்தவனுக்கும் கதவு திறந்திருந்தது.

இதை நான் டிவியில் மட்டும் பார்த்துச் சொல்லவில்லை. எங்கள் குடும்பப் பிள்ளைகளுக்கு மே லீவில் ஏற்காட்டில் இதே மாதிரி ஒரு பந்தயம் நடத்துகிறோம். ஆறு அணி, அணிக்கு இரண்டு பேர், பெரியவர்கள் அங்கங்கே நிற்போம். சேலத்தில் சீட்டைக் கொடுத்து அனுப்புவது, ஏற்காடு ஏரிக்கரையில் முடிப்பது. வழியும் அவர்கள் இஷ்டம்: அடிவாரம் வழியாக 20 கொண்டை ஊசி வளைவு ஏறினாலும் சரி, குப்பனூர் வழியாகப் போனாலும் சரி. நான் என்னமோ வழித் தேர்விலேயே பாதிப் பந்தயம் தீர்ந்துவிடும் என்று நினைத்திருந்தேன். ஆனால் எல்லா அணியும் அடிவாரம் வழி போகிற ஒரே பஸ்ஸில் ஏறி நின்றார்கள். விமான நிலையத்தில் எல்லா அணியும் ஒரே விமானத்துக்குக் காத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே கதை.

மேலே போனதும் கேள்விகள். பகோடா பாயிண்ட்டில் ஒன்று, லேடிஸ் சீட்டில் ஒன்று, சேர்வராயன் கோயிலில் ஒன்று. குகைக்குள் இருக்கும் அந்தச் சன்னதியில் சேர்வராயனோடு இருக்கும் அம்மன் யார் என்று கேட்டிருந்தேன். காவேரியம்மன் என்று உள்ளே போய்ப் பார்த்துக் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று. நான்கு அணி ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்துவிட்டது. ஒருவன் கோயிலுக்கு, ஒருவன் பகோடா பாயிண்ட்டுக்கு, விடை எல்லோருக்கும். கோயிலுக்குள் கால் வைக்காமலே மூன்று அணி காவேரியம்மன் என்று எழுதிக் கொடுத்தது. கேட்டால், "சித்தப்பா, சேரக் கூடாதுன்னு நீங்க ரூல்லயே போடலையே?" என்றான் மூத்தவன். உண்மை. நான் போடவில்லை, போடவும் விரும்பவில்லை, ஏனென்றால் சேர்வதைத் தடுக்க முடியாது.

நான்கு அணியும் ஏரிக்கரைக்கு ஒன்றாக வந்து சேர்ந்தன. கடைசி ஓட்டத்தில் யார் காலில் வலு உண்டோ அவர்கள் முன்னால். கோயில் வரை ஏறி இறங்கி எல்லோருக்கும் விடை கொடுத்த சின்னப் பிள்ளைகள் நான்காவது. "நாங்கதான சித்தப்பா கோயிலுக்குப் போனோம்" என்று அந்தப் பெண் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. ஈஸ்வர்–அபர்ணாவுக்கு நடந்ததும் இதேதான்.

அதற்குப் பிறகு கேள்வியையே மாற்றினோம். சேரட்டும், டாக்ஸியைப் பங்கு போடட்டும், வழி சொல்லட்டும். விடை மட்டும் ஒரு அணிக்கு இன்னொரு அணியின் விடையாக இருக்கக் கூடாது. பஸ் ஏறும்போதே ஒரு அணிக்கு ஏழாவது வளைவு, இன்னொரு அணிக்குப் பதினொன்றாவது. ஜன்னல் வழியாக அந்த எண் பலகையைத் தாண்டியதும் என்ன தெரிகிறது என்று எழுத வேண்டும். தூங்கினால் போச்சு. காபிக் கொட்டையை ஒவ்வொரு அணிக்கும் தனிப் பையில் கலந்து கொடுத்து, பீபெரி எத்தனை என்று பொறுக்கி எண்ணச் சொன்னோம். உருண்டையான அந்த ஒற்றைப் பருப்பை இரட்டைப் பருப்பிலிருந்து பிரித்தெடுக்கப் பொறுமை வேண்டும். பக்கத்துப் பையின் எண்ணிக்கை உங்களுக்குப் பயன்படாது. இன்னொரு இடத்தில் தட்டுவடை செட் அடுக்கச் சொன்னோம், காரச் சட்னியும் காய்கறித் துருவலும் சிந்தாமல் பத்து செட். எப்படி அடுக்குவது என்று பக்கத்தில் நின்று சொல்லித் தரலாம். ஆனால் கை உங்களுடையது.

கூட்டணி அப்போதும் இருந்தது. ஒரு அணி இன்னொரு அணிக்கு பீபெரி எப்படி இருக்கும் என்று காட்டியது. கடைசி ஓட்டத்துக்கு முன்னாலேயே அணிகள் முன்னும் பின்னுமாகப் பிரிந்து வந்தன, சின்னப் பிள்ளைகள் இரண்டாவது இடம்.

ஒரு வீட்டுப் பந்தயத்தில் முடிகிறது என்றால், உலகம் சுற்றிப் படம் பிடிக்கிற ஒரு நிகழ்ச்சியால் முடியாதா? பயண உத்திக்கும் ஒரு கட்டத்தில் இடம் குறைந்தது. 33வது சீசன் கோவிட்டால் பாதியில் நின்று மறுபடி தொடங்கியபோது எல்லா அணியையும் ஒரே தனி விமானத்தில் ஏற்றிப் போனார்கள். காரணம் புரிகிறது. ஆனால் விமானத்தைப் பிடிப்பதில் இருந்த சாமர்த்தியம் போனால், மீதி இருப்பது வேலைகள்தான். அந்த வேலைகளின் விடையையும் பங்கு போடவிட்டால் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

அடுத்த மே மாதத்துக்கான சீட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். இந்த முறை 32 கிலோமீட்டர் லூப் ரோடு முழுக்கப் போடலாம் என்று திட்டம். ஏற்காட்டுக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், வண்டி நிறுத்தப் பாதுகாப்பான இடமும், அணிக்கு அணி விடை மாறக்கூடிய ஒரு வேலையும் கமெண்ட்டில் சொல்லுங்கள். மிளகுக் கொடி ஏறியிருக்கும் சில்வர் ஓக் மரங்களை வைத்து ஏதாவது செய்ய முடியுமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன், எஸ்டேட்டில் வேலை செய்தவர்களுக்கு என்னை விட நன்றாகத் தெரியும்.