முதுகில் இருப்பது ஆக்சிஜன் சிலிண்டரா?

மாலத்தீவின் அரி பவளத்தீவுக் கூட்டத்தில், ஃபெஸ்தூ தீவருகே ஒரு பழைய மீன்பிடி டிராலர் மூழ்கிக் கிடக்கிறது. மேலெல்லாம் பவளம் படர்ந்த அந்தப் படகைப் பார்க்க ஸ்கூபா வீரர்கள் 30 மீட்டர் வரை இறங்குகிறார்கள். இந்த மாதிரி வீடியோக்களோடு, “ஆக்சிஜன் சிலிண்டர் மாட்டிக்கொண்டால் எவ்வளவு ஆழமும் போகலாம்” என்ற வரியும் சுற்றுகிறது. இது தவறு, ஆபத்தான தவறு.

அந்தச் சிலிண்டரில் இருப்பது பெரும்பாலும் நாம் இப்போது சுவாசிக்கும் இதே காற்றுதான். கம்பிரசர் வெளிக்காற்றை இழுத்து, வடிகட்டி, சுமார் 200 ‘பார்’ அழுத்தத்தில், அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்தைப் போல ஏறக்குறைய 200 மடங்கில், அடைக்கிறது. அதில் ஆக்சிஜன் 21 சதவீதம்.

சரி, சுத்த ஆக்சிஜனையே அடைத்தால் என்ன? 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையில் உள்ளதைப் போல 4 மடங்கு. அங்கே சுத்த ஆக்சிஜன் நரம்பு மண்டலத்துக்கு நஞ்சு. திடீரென வலிப்பு வரும், வாயிலிருந்து மவுத்பீஸ் நழுவும், அப்புறம் மூச்சோடு தண்ணீர்தான் உள்ளே போகும். அதனால்தான் சுத்த ஆக்சிஜனுக்கு 6 மீட்டர்தான் எல்லை.

ஆக்சிஜன் கூடுதலாகக் கலந்த ‘நைட்ராக்ஸ்’ என்று ஒன்று உண்டே என்பீர்கள். அதிலும் ஆக்சிஜன் வழக்கமாக 32 அல்லது 36 சதவீதம்தான். இறங்குகிறவரே கருவி வைத்து அளந்து, அந்த எண்ணைச் சிலிண்டரில் ஒட்டிய டேப்பில் எழுதுவார். சாதாரணக் காற்றிலும்கூட ‘எவ்வளவு ஆழமும்’ முடியாது. மாலத்தீவில் பொழுதுபோக்கு ஸ்கூபாவுக்கு 30 மீட்டர்தான் சட்டப்படி எல்லை.