மாத்திரையைக் கொடுக்க ஒரு சட்டம், மீட்க ஒரு சட்டம்

அமெரிக்காவில் 2022ஆம் ஆண்டில் மட்டும் போதைப்பொருளோ மருந்தோ அளவு மீறியதால் இறந்தவர்கள் ஏறத்தாழ 1,08,000 பேர். நான்கில் மூன்று பேரின் சாவில் ஓபியாய்டு வகைக்குப் பங்கு இருந்தது. மருத்துவர் எழுதிக் கொடுக்கும் வலி மாத்திரை, ஹெராயின், இன்று தெருவெங்கும் கிடைக்கும் ஃபென்டனில் எல்லாம் இந்த வகைதான். 2024இல் மொத்த எண்ணிக்கை 80,000 அளவுக்கு இறங்கியது. இறங்கியதில் மகிழ்ச்சிதான். ஆனாலும் ஒரு நகரத்து மக்கள் அத்தனை பேரையும் ஆண்டுதோறும் புதைத்துக்கொண்டு, இதை வெற்றி என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

நான் நியூஜெர்சியில் மருந்தாளுநராக இருக்கிறேன். கவுண்டருக்குப் பின்னால் நின்று பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த நாட்டில் வலி மாத்திரையை வாங்கும் வழி அகலமாக இருந்தது. அதன் பிடியிலிருந்து மீளும் வழியும், மீதமானதைத் திருப்பிக் கொடுக்கும் வழியும் குறுகிக் கிடந்தன. குறுக்கியது சட்டம். அகலமாக்க வேண்டியதும் சட்டம்தான்.

ஆக்சிகான்டின் என்ற ஓபியாய்டு வலி மாத்திரைக்கு 1995 டிசம்பரில் அனுமதி கிடைத்தது. அடுத்த ஆண்டே அதைத் தயாரித்த பர்டூ ஃபார்மா நிறுவனம் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்து, அடிமையாகும் ஆபத்து மிகக் குறைவு என்று மருத்துவர்களிடம் சொல்லிச் சொல்லி விற்றது. அதன் துணை நிறுவனமும் மூன்று உயர் அதிகாரிகளும் 2007இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். 2020இல் பர்டூவே ஒப்புக்கொண்டது. இந்த மாத்திரையை எழுத ஒரு மருத்துவருக்குத் தனிப் பயிற்சி எதுவும் தேவைப்படவில்லை. கட்டுப்பாட்டு மருந்துகளுக்கான வழக்கமான பதிவு இருந்தால் போதும்.

அதே அடிமைத்தனத்துக்குச் சிகிச்சையான புப்ரெனார்ஃபினுக்கு 2002இல் அனுமதி கிடைத்தது. ஆனால் அதை எழுத, 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மருத்துவர் எட்டு மணி நேரத் தனிப் பயிற்சி பெற்று, தனி அனுமதி கேட்டு வாங்க வேண்டும். தொடக்கத்தில் 30 நோயாளிகளுக்கு மேல் பார்க்கக் கூடாது. நோயைத் தரும் மருந்தை ஆயிரம் பேருக்கு எழுதலாம், நோயைத் தணிக்கும் மருந்தை முப்பத்தோராவது ஆளுக்கு எழுதினால் சட்ட மீறல்! இந்தத் தனி அனுமதி முறை 2022 டிசம்பரில்தான் ஒழிந்தது. இருபது ஆண்டுகளுக்கும் மேல். அதற்குள் மாத்திரையில் தொடங்கியவர்களில் பலர் ஹெராயினுக்குப் போய், அங்கிருந்து ஃபென்டனிலுக்கும் போய்விட்டார்கள்.

வேறு வழி இல்லாமல் இருந்ததா? பிரான்ஸ் 1995இலேயே சாதாரணக் குடும்ப மருத்துவர்கள் எல்லோரும் புப்ரெனார்ஃபின் எழுதலாம் என்று திறந்துவிட்டது. நான்கே ஆண்டுகளில் அங்கே அளவு மீறிய சாவுகள் 79 சதவீதம் குறைந்தன. அமெரிக்கா தன் சட்டத்தை எழுத உட்கார்ந்தபோது அந்த அனுபவம் கண் முன்னால் இருந்தது.

"ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா?" என்று உடனே கேட்பார்கள். இங்குள்ள நம் தமிழ்க் குடும்பங்களிலும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறேன். கொஞ்சம் பொறுமையாகப் பதில் சொல்ல விரும்புகிறேன். ஓபியாய்டு ஆளைக் கொல்வது மூச்சை அடக்கி. ஹெராயினோ ஃபென்டனிலோ அளவு கூடக் கூட மூச்சு குறைந்துகொண்டே போகும், கடைசியில் நின்றுவிடும். புப்ரெனார்ஃபினும் மூளையில் அதே இடத்தில்தான் போய் உட்காருகிறது. ஆனால் ஓரளவுக்கு மேல் அதன் வேலை ஏறாது. போதையை நிறுத்தினால் வரும் உடல் நடுக்கம், வாந்தி, தூக்கமின்மை என்ற வேதனை அடங்கும். ஆள் வேலைக்குப் போவார், பிள்ளையைப் பள்ளியில் விடுவார். நீரிழிவுக்கு ஆண்டுக்கணக்கில் இன்சுலின் போடுபவரை நாம் அடிமை என்று சொல்வதில்லை.

மருந்தே கூடாது, மன உறுதி போதும் என்று ஒரு மாதம் எங்கேயாவது அடைத்துவைப்பதும், ஊருக்கு அனுப்பினால் சரியாகிவிடும் என்று டிக்கெட் போடுவதும்தான் எனக்குப் பெரும் பயம். அந்த ஒரு மாதத்தில் உடலின் தாங்கும் சக்தி இறங்கிவிடுகிறது, ஆசை இறங்குவதில்லை. திரும்பி வந்து பழைய அளவை எடுக்கும் முதல் நாளே கடைசி நாளாகிவிடலாம். சிறையிலிருந்து வெளியே வருபவர்களுக்கு நேர்வதும் இதுதான். ரோட் ஐலண்ட் மாநிலம் 2016இல் தன் சிறைகளுக்குள்ளேயே புப்ரெனார்ஃபினையும், அதைப் போன்ற இன்னொரு சிகிச்சை மருந்தான மெத்தடோனையும் கொடுக்கத் தொடங்கியது. விடுதலையானவர்களிடையே அளவு மீறிய சாவு அடுத்த ஆண்டின் முதல் பாதியில் 61 சதவீதம் குறைந்திருந்தது. அளவு மீறியும் உயிர் பிழைத்தவர்களை மாசசூசெட்ஸில் ஓராண்டு பின்தொடர்ந்த ஆய்வு 2018இல் வெளியானது. சிகிச்சை மருந்து எதுவும் எடுக்காதவர்களோடு ஒப்பிட்டால், மெத்தடோன் எடுத்தவர்களிடம் சாவு 59 சதவீதமும், புப்ரெனார்ஃபின் எடுத்தவர்களிடம் 38 சதவீதமும் குறைவு. இவ்வளவு தெரிந்த பிறகும் 2022இல் சிகிச்சை தேவைப்பட்ட பெரியவர்களில் நான்கில் ஒருவருக்குத்தான் இந்த மருந்து போய்ச் சேர்ந்தது. மற்ற மூவரை எந்த மன உறுதியின் பெயரால் கைவிட்டோம்?

மெத்தடோன் கதை இன்னும் கொடுமை. வலிக்கு என்றால் என் கடையிலேயே அதை வாங்கிக்கொள்ளலாம். போதை மீட்புக்கு என்றால் தனி மையத்துக்குத்தான் போக வேண்டும், தொடக்கத்தில் ஏறக்குறைய தினமும். பஸ் இல்லாத ஊரில், விடிகாலை வேலை உள்ளவர் எப்படிப் போவார்? பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் சாதாரண மருந்தகத்திலேயே கொடுக்கிறார்கள். வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் விதிகள் 2024இல் தளர்ந்தன, நல்லது. மருந்தகத்திலேயே கொடுக்கலாம் என்று செனட்டர்கள் எட் மார்க்கியும் ராண்ட் பாலும் 2023இல் கொண்டுவந்த மசோதா நிறைவேறவில்லை. எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் சேர்ந்து கொண்டுவந்ததற்கே இந்தக் கதி.

இனி மீதமாகும் மாத்திரைகள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், புற்றுநோயில் கணவரை இழந்த ஒரு தமிழ் அம்மா பை நிறைய ஆக்சிகோடோன், மார்ஃபின் என்று ஓபியாய்டு வலி மருந்துகளாகக் கொண்டுவந்து நீட்டினார். வாங்க முடியாது, காவல் நிலையத்தில் பெட்டி இருக்கிறது, அங்கே போடுங்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது. "நீங்கள் கொடுத்ததுதானேம்மா, நீங்களே வாங்கிக்கொள்ளக் கூடாதா?" என்றார். தனியாகக் காவல் நிலையத்துக்குள் போவதா என்ற தயக்கம் முகத்தில் தெரிந்தது. அந்தப் பை பிறகு எங்கே போனது என்று எனக்குத் தெரியாது.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. கட்டுப்பாட்டு மருந்தை நோயாளி மருந்தகத்தில் திருப்பித் தருவதற்குப் பல்லாண்டுகள் சட்டத்தில் இடமே இல்லை. 2010இல் சட்டம் திருத்தப்பட்டது, 2014இல் விதிகள் வந்தன. ஆனால் பெட்டி வைப்பது கடைக்காரர் விருப்பம், செலவும் அவருடையது. விளைவு? 2017இல் அரசுக் கணக்காய்வு அலுவலகம் பார்த்தபோது, பெட்டி வைக்கத் தகுதியான இடங்களில் சுமார் 2.5 சதவீதமே வைத்திருந்தன. வலி மாத்திரையைத் தவறாகப் பயன்படுத்துவோரில் பாதிப்பேருக்கு அது நண்பர் அல்லது உறவினர் வழியாகவே கிடைக்கிறது என்று அரசின் கணக்கெடுப்பே ஆண்டுதோறும் சொல்லிவந்த காலம் அது.

கலிஃபோர்னியாவின் அலமீடா கவுண்டி 2012இல் நேர்மையான ஒரு வழி காட்டியது. மருந்தைத் தயாரித்து விற்பவரே திரும்பப் பெறும் செலவையும் ஏற்க வேண்டும் என்று சட்டம் போட்டது. நிறுவனங்கள் வழக்குப் போட்டுத் தோற்றன. 2015இல் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்கவே மறுத்தது. 2018இல் வாஷிங்டன், நியூயார்க், கலிஃபோர்னியா மாநிலங்கள் இதே வழியில் சட்டம் இயற்றின. இது நாடு முழுவதற்கும் வர வேண்டும். ஓபியாய்டு விற்கும் எந்த மருந்தகத்திலும் பெட்டி கட்டாயம், செலவு தயாரிப்பாளருடையது. இதில் தயங்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

இன்றைய சாவுகளில் பெரும்பகுதி கள்ளச் சந்தை ஃபென்டனிலால் வருகிறது, அலமாரி மாத்திரையால் அல்ல என்பதை நான் மறுக்கவில்லை. இரண்டில் எது முதலில் என்று கேட்டால் சிகிச்சை என்றே சொல்வேன். ஆனால் பெட்டி காப்பது இன்னும் நோயாளி ஆகாதவர்களை: அறுவை சிகிச்சைக்குப் பின் மிஞ்சிய புட்டியைத் திறந்து பார்க்கும் பதினாறு வயதுப் பையனை, வலிக்குத் தோலில் ஒட்டும் ஃபென்டனில் பட்டையைப் பயன்படுத்திப் போட்ட பின் எடுத்து ஒட்டிக்கொள்ளும் இரண்டு வயதுக் குழந்தையை. பயன்படுத்திய பட்டையிலும் உயிரைப் பறிக்கும் அளவு மருந்து மிஞ்சியிருக்கும். குழந்தைகள் இறந்திருக்கிறார்கள்.

இங்கே வாழும் நண்பர்களுக்கு: ஓபியாய்டைத் திருப்பி அனுப்ப, தபால் செலவு கட்டிய உறைகளை மருந்தகம் கேட்டால் தயாரிப்பாளர்கள் தர வேண்டும் என்பது 2025 மார்ச் முதல் நடைமுறை. உங்கள் மருந்தாளுநரிடம் கேளுங்கள். நீங்கள் கேட்டால்தான் அவர் வரவழைப்பார். பெட்டியும் உறையும் கைக்கு எட்டாவிட்டால், ஆக்சிகோடோன், மார்ஃபின், ஃபென்டனில் பட்டை போன்றவற்றைக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிடலாம் என்று அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாகமே (FDA) சொல்கிறது. உங்கள் குடும்ப மருத்துவரிடம் புப்ரெனார்ஃபின் எழுதுவாரா என்று கேளுங்கள், உங்கள் வீட்டில் யாருக்கும் தேவை இல்லாவிட்டாலும் கேளுங்கள். நியூஜெர்சியில் 14 வயது நிறைந்த எவரும், திட்டத்தில் சேர்ந்த மருந்தகங்களில் பெயர்கூடச் சொல்லாமல் மூச்சை மீட்கும் நாலக்சோன் மூக்குத் தெளிப்பை இலவசமாக வாங்கலாம். என் கடைக்கு வந்தால் நானே எப்படிப் பயன்படுத்துவது என்று காட்டித் தருகிறேன்.