குழம்பைக் கலந்து ஊற்றச் சொல்லுங்கள்

தமிழ்நாட்டிலிருந்து பினாங்குக்கு வரும் உறவினர்கள், வருவதற்கு ஒரு வாரத்துக்கு முன்பே தொலைபேசியில் கேட்கும் முதல் கேள்வி, இங்கே நம்ம சாப்பாடு எங்கே கிடைக்கும் என்பதுதான். பல ஆண்டுகளாக நானும் அவர்களை லிட்டில் இந்தியாவுக்கு அழைத்துப் போய், வாழையிலைச் சாப்பாடு வாங்கிக் கொடுத்துக் கடமையை முடித்துவந்தேன். அது நல்ல சாப்பாடுதான். ஆனால் ஊரில் தினமும் சாப்பிடுவதையே கடல் தாண்டி வந்தும் சாப்பிட்டுத் திரும்புவதில் எனக்கு மனம் ஒப்பவில்லை. இப்போதெல்லாம் வந்த அன்றே நாசி கண்டார் கடைக்கு அழைத்துப் போகிறேன். அது மலாய்க்காரர் சாப்பாடு அல்லவா என்று அவர்கள் தயங்கினால், இந்தத் தீவில் அதைவிட நம்ம சாப்பாடு வேறில்லை என்பேன்.

மலாய் மொழியில் நாசி என்றால் சோறு. கண்டார் என்றால் தடியின் இரு முனையிலும் பாரம் கட்டித் தோளில் சுமப்பது. ஒரு முனையில் சோற்றுப் பானையும் மறுமுனையில் குழம்புச் சட்டிகளுமாக, அந்நாளில் துறைமுகக் கூலிகளுக்குத் தெருத்தெருவாகச் சோறு விற்றவர்கள் நம் தமிழ் முஸ்லிம்கள். கடையநல்லூரிலிருந்தும் இராமநாதபுரத்துப் பக்கமிருந்தும் வந்தவர்களின் கைமணம் அது. இவர்களையும் இவர்கள் கடைகளையும் மலேசியர் எல்லோரும் அழைக்கும் 'மாமாக்' என்ற சொல்லே நம் 'மாமா'விலிருந்து வந்ததுதான் என்பார்கள். இதையெல்லாம் நம்ப மறுப்பவர்கள் சூலியா வீதியில் நாகூர் தர்காவையும், அங்கிருந்து நடை தூரத்திலுள்ள கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலையும் பார்த்துவிட்டு வந்து இலையில், மன்னிக்கவும், தட்டில் உட்காரலாம்.

கடைக்குள் போனால் உணவுப் பட்டியலைத் தேடாதீர்கள். வரிசையில் நின்று, முறை வந்ததும், சோற்றுத் தட்டோடு நிற்பவரிடம் கை காட்ட வேண்டும்: பொரித்த கோழி, கணவாய், மீன் சினை, வெண்டைக்காய், அவித்த முட்டை. எல்லாம் தட்டில் ஏறிய பிறகுதான் உண்மையான சமையலே தொடங்குகிறது. அவர் ஒரே அகப்பையை மீன் குழம்பில் தோய்த்து ஊற்றுவார், அடுத்து கோழிக் குழம்பு, அதன் மேல் பருப்பு, கடைசியாகக் கறுப்பாக, சற்றே இனிப்பாக இருக்கும் ஒரு குழம்பை ஓரத்தில் சுற்றி விடுவார். மஞ்சளும் சிவப்பும் கறுப்பும் சோற்றின் மேல் ஒன்றுக்குள் ஒன்று இறங்கி, தட்டின் விளிம்பில் எண்ணெய் மினுங்கி நிற்கும். இதற்கு இங்கே 'பஞ்சிர்' என்று பெயர். மலாயில் வெள்ளம் என்று பொருள்.

இங்கேதான் நம்மவர்கள் தடுக்கி விழுகிறார்கள். சாம்பாருக்கு ஒரு பிடி, இரசத்துக்கு ஒரு பிடி, மோருக்கு ஒரு பிடி என்று சோற்றைப் பாத்தி கட்டிச் சாப்பிட்டுப் பழகிய நமக்கு, நான்கு குழம்பை ஒன்றாக ஊற்றுவது அனாசாரமாகத் தெரிகிறது. மதுரையிலிருந்து வந்த என் அத்தை ஒவ்வொரு குழம்பையும் தனித்தனிக் கிண்ணத்தில் கேட்டார். கொடுத்தார்கள், ஆனால் தனியாகச் சுவைத்தால் ஒவ்வொன்றும் ஏதோ குறைவது போலவே இருக்கும், ஏனென்றால் மற்றதோடு சேர்வதற்கென்றே அவை காய்ச்சப்படுகின்றன. ஆகவே, "குழம்பு கலந்து நல்லா ஊத்துங்கண்ணே" என்று தயங்காமல் தமிழிலேயே சொல்லுங்கள். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் அந்தக் குழம்பு மட்டும் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

எந்தக் கடை என்று கேட்டால், கேம்பல் வீதியில் 1907 முதல் இருந்துவரும் ஹமீதியாவையும், பினாங்கு சாலையை ஒட்டிய ஒடுக்கமான சந்தில் இயங்கும் லைன் கிளியரையும் சொல்வேன். முன்னதில், முட்டையும் கறியும் வைத்து மடித்துச் சுடும் முர்தபாவையும் விட்டுவிடாதீர்கள். 2022 டிசம்பரில், உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கும் மிச்சலின் வழிகாட்டி கோலாலம்பூரையும் பினாங்கையும் சேர்த்துக்கொண்ட பிறகு, நகரில் வாசலில் நிற்கும் வரிசையைப் பார்த்துக் கடை தேர்ந்தெடுக்கும் பழக்கம் கூடிவிட்டது. எனக்கு அதில் நம்பிக்கையில்லை.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். பல கடைகளில் விலை எழுதியிருக்காது. தட்டை ஒரு பார்வை பார்த்து மனக்கணக்காகச் சொல்வார்கள். ஒரு கடையில் பெரிய இறாலைக் காட்டி, விலை கேட்காமல் உட்கார்ந்துவிட்டு, இருவர் சாப்பாட்டுக்கு நால்வர் காசு கொடுத்து எழுந்தேன். மீன் தலை, பெரிய இறால், சினை ஆகியவற்றை விலை கேட்டுவிட்டே கை காட்டுங்கள்.

குடிப்பதற்குத் தே தாரிக், அதாவது நுரை பொங்க ஆற்றிய பால் தேநீர், எங்கும் கிடைக்கும். என் பரிந்துரை ஜாதிக்காய்ச் சாறு. இத்தீவில் விளையும் ஜாதிக்காயின் சதையிலிருந்து எடுப்பது. துவர்ப்பும் காரமும் கலந்த அந்தக் குளிர்ச்சி, நாலு குழம்புச் சோற்றுக்குப் பிறகு வயிற்றை இலேசாக்கும். பக்கத்திலேயே கெங் குவி சந்தில் 1936 முதல் விற்கப்படும் செண்டோலும் உண்டு. தேங்காய்ப்பாலும் பனைவெல்லப் பாகும் கலந்த அதை என் அத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, "இது நம்ம பாயசந்தானே, ஐஸ் போட்டுக் கெடுத்துட்டானுக" என்றார். கிண்ணத்தை மட்டும் கீழே வைக்கவில்லை.