ஓவர் அண்ட் அவுட்

போர்ப் படம் போட்டால் அப்பா பக்கத்தில் உட்காராதீர்கள் என்று என் மகன் தன் நண்பர்களிடம் சொல்லி வைத்திருக்கிறான். கதாநாயகன் வயர்லெஸ்ஸில் கத்திப் பேசிவிட்டு 'ஓவர் அண்ட் அவுட்' என்பான். உடனே நான் 'ச்சே' என்பேன். 'ஓவர்' என்றால் நான் பேசி முடித்தேன், நீ சொல்லு. 'அவுட்' என்றால் பேச்சே முடிந்தது, பதில் வேண்டாம். இரண்டையும் சேர்த்துச் சொல்வது, 'சாப்பிட வாங்க, வராதீங்க' என்பது மாதிரி. ஜபல்பூர் பயிற்சியில் அப்படிச் சொன்ன ஒருவன் வயர்லெஸ் செட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடினான். நான்தான் அது.

ராணுவத்தில் வயர்லெஸ், டெலிபோன் பார்க்கிற சிக்னல்ஸ் பிரிவில் 17 வருஷம். இப்போது சேலத்தில் ஒரு ஏடிஎம்மில் இரவுக் காவல். பட்டாளத்துக்காரன் என்றால் எத்தனை பேரைச் சுட்டீங்க என்றுதான் இங்கே கேட்கிறார்கள். ஒருத்தரையும் இல்லை. கார்கில் சமயத்தில்கூட நான் ராஜஸ்தான் பக்கம் செட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். சுட்டதெல்லாம் பயிற்சி ரேஞ்சில். அங்கேயும் சுட்ட நேரத்தைவிடக் குனிந்து காலித் தோட்டா உறைகளைப் பொறுக்கிய நேரம்தான் அதிகம். எண்ணிக்கையில் ஒன்று குறைந்தாலும் அத்தனை பேரும் புல்லுக்குள் கையை விட்டுத் தேட வேண்டும். படத்தில் ஹீரோ சரமாரியாகச் சுடும்போது, இதையெல்லாம் யாரப்பா பொறுக்குவது என்றுதான் எனக்குத் தோன்றும்.

அதனால் எனக்குப் பிடித்த பட வரிசை கொஞ்சம் கோணலாக இருக்கும். 1977இல் வந்த 'ஏ பிரிட்ஜ் டூ ஃபார்' முதலில். 1944 செப்டம்பரில் நெதர்லாந்தின் ஆர்னமில் பாராசூட்டில் இறங்கிய பிரிட்டிஷ் படைக்கு வயர்லெஸ் கை கொடுக்கவில்லை. அதை மறைக்காமல் காட்டிய படம். பெரிய பெரிய நடிகர்கள் இருக்கிறார்கள், என் கண் செட்டைக் கட்டிக்கொண்டு அழுகிறவன் மேல்தான். ஏற்காட்டுக் குளிருக்கே குல்லா போடுகிற ஊர்க்காரன் நான். லடாக்கில் பேட்டரி விறைத்துப்போகாமல் இருக்க அதை ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறேன். எந்த ஹீரோவும் பேட்டரியோடு படுத்து நான் பார்த்ததில்லை.

அப்புறம் '1917'. ஒரே ஷாட் மாதிரி எடுத்திருக்கிறார்கள் என்று எல்லோரும் வியந்தார்கள். சரி, நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கதையே டெலிபோன் லைன் அறுந்ததால்தானே? 1,600 பேர் போகவிருக்கும் தாக்குதலை நிறுத்தச் சொல்லி ஒரு கடிதம், அதைக் கொண்டுபோக இரண்டு சிப்பாய்கள். லைன் போட்டவனுக்குத்தான் அந்த வலி தெரியும். எங்கள் கேபிளை எதிரி வந்து அறுத்ததே இல்லை, எல்லாம் நம் லாரிகள் ஏறி அறுந்ததுதான்.

'பார்டர்' படத்தோடு எனக்குச் சண்டையும் உண்டு, சமாதானமும் உண்டு. 1998இல் யூனிட்டில் வெள்ளைத் துணி கட்டிப் போட்டார்கள். 1971 டிசம்பர் 4 இரவு, ராஜஸ்தான் எல்லையில் லோங்கேவாலா, நம் பக்கம் சுமார் 120 பேர், எதிரே பாகிஸ்தான் டாங்கிகள். ஜெய்சல்மேரில் இருந்த நம் ஹன்டர் போர் விமானங்களால் இரவில் வர முடியாது. விடியும்வரை தாக்குப்பிடியுங்கள் என்பதுதான் அங்கே தலைமை தாங்கிய மேஜர் குல்தீப் சிங் சாந்த்புரிக்கு வயர்லெஸ் தந்த பதில். அந்த ஓர் இரவே போதுமே! படத்தில் வரிசையாக ஆட்களைச் சாகடித்துவிட்டார்கள். நிஜத்தில் நம் பக்கம் இறந்தது இரண்டு பேர். படத்தில் வீரமரணம் அடையும் பைரோன் சிங் 2022 டிசம்பர் வரை உயிரோடு இருந்தார். உயிரோடு இருக்கிற மனுஷனைக் கைதட்டலுக்காகக் கொல்வதா?

ஆனால் ஊரிலிருந்து கடிதங்கள் வருகிற அந்தப் பாட்டு வந்ததும், தரையில் உட்கார்ந்திருந்த எங்கள் வரிசையில் ஒருவன் இன்னொருவன் முகத்தைப் பார்க்கவில்லை. ராணுவத் தபால் முகவரியான 56 ஏ.பி.ஓ. என்று எழுதினால் கடிதம் எப்படியும் வந்துவிடும், எப்போது என்பதுதான் தெரியாது. அப்பாவுக்குக் காய்ச்சல் என்ற கடிதமும் சரியாகிவிட்டது என்ற கடிதமும் எனக்கு ஒரே நாளில் வந்தன. நல்லவேளை, இரண்டாவதைத்தான் முதலில் பிரித்தேன். படையின் செய்தியெல்லாம் என் கை வழியாக நொடியில் போகும், என் வீட்டுச் செய்திக்குப் பத்துப் பன்னிரண்டு நாள்.

2024 தீபாவளிக்கு 'அமரன்'. மனைவியோடு போனேன். மேஜர் முகுந்த் வரதராஜனின் கதை என்பதால் எனக்கு முடிவு முன்பே தெரியும், அவளுக்கும் தெரியும். சண்டைக் காட்சிகளுக்குத் தியேட்டரே விசில் அடித்தது. அவள், முகுந்தின் மனைவியாகச் சாய் பல்லவி வரும்போது மட்டும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். வெளியே வந்து தட்டுவடை செட் வாங்கிக் கையில் கொடுத்தேன். பாதி தின்றுவிட்டு, "ஏங்க, அவங்களுக்காவது கையிலயே போன் இருந்துச்சு" என்றாள்.

எங்களுக்கு அப்போது பி.பி. நம்பர். நாலு வீடு தள்ளி இருந்தவர்களின் போன். ஞாயிற்றுக்கிழமை நான் எஸ்.டி.டி. பூத்தில் வரிசையில் நின்று போட்டால், அந்த வீட்டுப் பையன் ஓடிப்போய்ச் சொல்ல, இவள் ஓடி வர வேண்டும். இங்கே மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும்.

"ஓடி வர்றது கஷ்டமா இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"ஓடறது என்ன கஷ்டம். வந்து எடுத்தா பாதி நாளு லைனு கட்டாயிருக்கும். சிக்னல்காரர் பொண்டாட்டின்னு அந்தக்கா சிரிக்கும்."