டவர் ஃபுல்லா இருந்தா நெட் வந்துடுமா?

5ஜி எங்கெல்லாம் எட்டுகிறது என்று காட்டும் அந்த வரைபடத்தை நேற்றிலிருந்து எல்லோரும் பகிர்கிறீர்கள், சரி. ஆனால் அதன் கீழே "டவர் ஃபுல்லா இருக்கு, நெட் மட்டும் வரல" என்று எழுதியவரைப் பார்த்து "போனை மாத்துங்க" என்று வரிசையாகக் கிண்டல் செய்ததைப் பொறுக்க முடியவில்லை. அவர் சொன்னது உண்மை. சிக்னல் எட்டுவது வேறு, டேட்டா வருவது வேறு.

ஒரு டவர் தன் சுற்றுவட்டாரத்தைப் பொதுவாக மூன்று பக்கமாகப் பிரித்துக்கொள்ளும்; ஒரு பக்கம் ஒரு செக்டர். 20 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையும் 2×2 ஆன்டெனாவும் (அனுப்ப இரண்டு, வாங்க இரண்டு) உள்ள 4ஜி செக்டரின் உச்சவேகம் நொடிக்கு 150 மெகாபிட். அது ஆளுக்கு அல்ல, அந்த செக்டரில் இருக்கும் அத்தனை பேருக்கும் சேர்த்து. மூன்று செக்டருக்கு 450. டவருக்கு ஃபைபர் கேபிள் வராமல், அதை நெட்வொர்க்கோடு சேர்க்க 28 மெகாஹெர்ட்ஸ் மைக்ரோவேவ் (கம்பியில்லா) இணைப்பு மட்டும் இருந்தால், டவருக்கு வந்து சேர்வதே ஏறக்குறைய 200தான். மேலே எந்த ஆன்டெனாவை மாட்டினாலும் அந்த வழி அகலமாகாது.

"போனிலேயே 5ஜி காட்டுதே" என்பீர்கள். நான்-ஸ்டாண்டலோன் முறையில், அதாவது 4ஜியைச் சார்ந்தே 5ஜி இயங்கும் முறையில், டவரின் 4ஜி செல் "இங்கே 5ஜி உண்டு" என்று அறிவித்தாலே பல போன்களில் அந்தச் சின்னம் வந்துவிடும், டேட்டா 4ஜியில் ஓடினாலும்.

பழைய போன் பிடிக்கும் பேண்டுகள் (அலைவரிசைகள்) குறைவு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போனைக் குறை சொல்லும் முன் சோதித்துப் பாருங்கள். ஒரே இடத்தில் நின்று இரவு 9 மணிக்கும் விடியற்காலை 3 மணிக்கும் வேகத்தை அளக்க வேண்டும். பல ஆண்ட்ராய்டு போன்களில் *#*#4636#*#* அடித்தால் சிக்னல் அளவும் தெரியும். சிக்னல் இரண்டு வேளையும் மைனஸ் 85 dBm போல (பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது) நன்றாக இருந்து, வேகம் இரவில் மட்டும் படுத்தால், அது நெரிசல். போனை மாற்றி நெரிசல் தீராது.

வளர்ச்சியைக் குறை சொல்கிறேன் என்று கிளம்பிவிடாதீர்கள். 2001இல் ஜப்பானில் 3ஜி, 2009இல் ஸ்டாக்ஹோமிலும் ஓஸ்லோவிலும் 4ஜி, 2019இல் தென்கொரியாவில் 5ஜி என்று வந்த வேகம் எனக்கும் பெருமைதான். 2024இல் உலக மக்களில் 51 சதவீதம் பேர் 5ஜி எல்லைக்குள் வந்துவிட்டதாக ஐ.நா.வின் தொலைத்தொடர்பு ஒன்றியம் சொல்கிறது. அதே கணக்கில் பணக்கார நாடுகளில் 84, ஏழை நாடுகளில் 4. அந்த 4ஐ ஏன் யாரும் பகிரவில்லை? அந்த 2024 கணக்கில் 4ஜி 92 சதவீதம் பேரை எட்டியும் இணையத்தில் இருந்தவர்கள் 68 சதவீதம்தான். டவர் நிழலிலேயே இருந்தும் போன் வாங்கவோ டேட்டா போடவோ முடியாதவர்கள் அந்த இடைவெளியில் இருக்கிறார்கள். அவர்களிடமும் "போனை மாத்துங்க" என்பீர்களா?

அந்த கமெண்டுகளை அழித்துவிடுங்கள்.